திரும்பி வராத விமானம்

வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்குப் போகும் சாலையில் பிரயாணம் செய்யாத தென்சென்னைவாசி அநேகமாக இருக்க முடியாது. காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் பஸ் ஏறியவர், தாம் போய்க்கொண்டிருக்கிறோமா, நின்றுகொண்டிருக்கிறோமா என்பதைத் திட்டமாகச் சொல்ல முடியாது. அதில் ஒரு சௌகரியமும் உண்டு. ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால், வழியில் உள்ள பலகைகளையெல்லாம் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்துக்கொண்டே வரலாம்.

அப்படிப் படித்துக்கொண்டு வருகிறவரின் கண்ணில், பள்ளிக்கரணையில் ஒரு பெயர் படும். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் என்பது அந்த ஸ்தாபனத்தின் பெயர். கடலோ அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் கிடையாது. சதுப்பு நிலமும் கொக்கும் நாரையும்தான் உண்டு. 'கடலைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை?' என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. பிறகு பஸ் மேடவாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று ஊர்ந்து சேலையூரைச் சேரும். அந்தப் பக்கத்தில் இன்னொரு நீண்ட மதில் உண்டு. அதற்குள்ளே இருப்பது தாம்பரம் விமானப்படைத் தளம்.

இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரம். 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தாம்பரத்து மதிலுக்குள்ளிருந்து ஒரு சரக்கு விமானம் கிளம்பிப் போய்க் காணாமற் போயிற்று. 2024 ஜனவரியில் அது இருக்கும் இடத்தைக் கண்டு சொன்னவர்கள் பள்ளிக்கரணைக்காரர்கள். நடுவில் ஏறக்குறைய ஏழரை ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை காலம் ஏன் ஆயிற்று, அந்தக் காலம் முழுவதும் காத்திருந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

சென்னையின் தெற்குப் புறநகர்களில் வசிக்கும் ஜனங்களுக்கு ஆகாய விமானம் வீட்டுப் பிராணி மாதிரி பழகிப்போன ஒன்று. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த டி ஏஞ்சலிஸ் என்ற கார்சிகா தீவுக்காரர் 1910-ல் ஒரு விமானத்தைச் செய்து, பல்லாவரத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு, தீவுத்திடலில் ஜனங்களுக்குப் பறந்து காட்டினார் என்று சென்னைச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு தாமே விமானத்தை ஓட்டி வந்தார். அந்த மூட்டையைப் பம்பாயில் வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். இந்தியாவின் விமானப் போக்குவரத்து இப்படிக் கடிதம் சுமந்துதான் பிழைக்கக் கற்றுக்கொண்டது. பிரயாணிகள் பிற்பாடு வந்து சேர்ந்தார்கள்.

தாம்பரத்து விமானத் தளம் இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் உண்டானது. விமானம் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர்களுக்கே கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. அன்று முதல் கிழக்குத் தாம்பரத்துக் குழந்தைகள், குட்டி விமானங்கள் வீட்டுக்கு மேலே வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டே சாதம் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் ஒரு வாரம் சத்தம் கேட்டவுடன் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். இரண்டாவது வாரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து, டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போது, "இருங்கள், விமானம் போகட்டும்" என்று சொல்லப் பழகிவிடுவார்கள்.

அந்த அலட்சியம் ஒரு தடவை கலைந்தது. 2015 டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தின்போது அடையாறு பெருகி மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள்ளே புகுந்துவிட்டது. ஓடுபாதை ஏரியாகிவிட்டது. முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் ஜனங்கள் மாடியில் நின்றுகொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்கள். அப்போது தாம்பரம் தளத்திலிருந்துதான் மீட்பு வேலைக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் கிளம்பின. அந்தச் சத்தம் அந்த ஒரு வாரம் காதுக்கு இனிமையாக இருந்தது. எட்டு மாதம் கூட ஆகவில்லை. அதே தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று திரும்பி வரவில்லை.

*

அந்த விமானத்தின் ஜாதிக்கு ஏ.என்.32 என்று பெயர். சோவியத் ரஷ்யா இருந்த காலத்தில், உக்ரைனில் உள்ள கீவ் நகரத்து அன்டனோவ் தொழிற்சாலையில் உருவானது. 1984-ல் நம்முடைய விமானப்படையில் சேர்ந்தது. இரண்டு என்ஜின்கள், இரண்டுக்கும் பெரிய பெரிய காற்றாடிகள். மற்ற விமானங்களில் இறக்கைக்குக் கீழே தொங்கும் என்ஜின், இதில் இறக்கையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். வெயிலும் உயரமும் மிகுந்த நம் நாட்டு மலைப்பிரதேசங்களில் இறங்கி ஏறுவதற்காகவே அப்படி அமைத்தார்கள். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் அரிசி மூட்டை, மருந்துப் பெட்டி, மண்ணெண்ணெய்ப் பீப்பாய், லீவு முடிந்து முகாமுக்குத் திரும்பும் சிப்பாய் ஆகிய எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் சுமக்கும். நம் ஊர் மாட்டு வண்டிக்கு இறக்கை வைத்தால் எப்படியோ, அப்படி.

தாம்பரத்திலிருந்து அந்தமானுக்கு அந்த வண்டி அடிக்கடி போய்வரும். 'கூரியர்' என்று பட்டாளத்தார் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ராஜேந்திர சோழனின் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று பேசப்படும் நிக்கோபாரும், அதற்கு வடக்கே உள்ள அந்தமானும் சென்னையிலிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. கப்பலில் போனால் மூன்று நாள். கூரியரில் போனால் மூன்றேகால் மணி நேரம். ஆகையால் தீவுகளில் வேலை செய்கிறவர்களுக்கு அது அவசியமான வண்டி.

2016 ஜூலை 22, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. அந்த நாளைச் சென்னை ஜனங்கள் வேறொரு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ரஜினிகாந்த் நடித்த 'கபாலி' அன்றைக்குத்தான் வெளியாயிற்று. பல கம்பெனிகளில் லீவே விட்டுவிட்டார்கள். தாம்பரத்துச் சினிமாக் கொட்டகைகளின் வாசலில் பொழுது விடிவதற்கு முன்னாலேயே மேளமும் பாலாபிஷேகமும் நடந்தன. அம்மன் கோயில்களில் கூழ் காய்ச்ச அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலை 8.30 மணிக்குக் கூரியர் கிளம்பியது. 11.45-க்குப் போர்ட் பிளேரில் இறங்க வேண்டும். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.) விமானத்தில் 29 பேர் இருந்தார்கள். ஓட்டுகிறவர்களும் அவர்களுக்கு உதவியாக இருப்பவர்களும் ஆறு பேர். மற்ற 23 பேரில் விமானப்படையைச் சேர்ந்தவர்கள் 11, தரைப்படையினர் இரண்டு பேர், கடற்படையிலிருந்து ஒருவர், கடலோரக் காவல்படையிலிருந்து ஒருவர். மிச்சம் எட்டுப் பேர் சிப்பாய்களே அல்ல. விசாகப்பட்டினத்தில் கடற்படையின் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்துவந்த சாதாரண உத்தியோகஸ்தர்கள்.

9.12 மணிக்கு, சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தூரத்தில், 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த அந்த விமானம் இடது பக்கம் திரும்பியதையும், மளமளவென்று உயரம் குறைந்ததையும் சென்னை ரேடார் கண்டது. அதற்குப் பிறகு திரையில் ஒன்றும் இல்லை. அபாயக் குரலும் வரவில்லை. எந்த அலைவரிசையிலும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று பின்னால் பார்லிமெண்டில் அரசாங்கம் தெரிவித்தது. கிளம்பிய 42-ஆவது நிமிஷத்தோடு கதை நின்றுபோயிற்று.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு விமானத்துக்குள்ளே கடைசி நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும் என்று பத்துப் பக்கம் எழுதுவது எனக்குப் பெரிய காரியமல்ல. ஆனால் இந்த இடத்தில் பேனா நகர மறுக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் 29 பேர்; அவர்களில் யாரும் சொல்லவில்லை. சொல்லாததை இட்டுக் கட்ட எனக்கு உரிமை கிடையாது.

*

தேடினார்கள். அப்படி இப்படி என்று அல்ல. நம் நாட்டில் கடலின்மேல் நடந்த மிகப் பெரிய தேடுதல்களில் ஒன்று அது. கடற்படைக் கப்பல்கள், கடலோரக் காவல்படைக் கப்பல்கள், நீர்மூழ்கி, உளவு விமானங்கள் எல்லாம் போயின. இஸ்ரோவின் செயற்கைக்கோள் எடுத்த படங்களைத் துருவிப் பார்த்தார்கள். அப்போதைய பாதுகாப்பு மந்திரி மனோகர் பாரிக்கர் மறுநாளே வந்து கடலின்மேல் பறந்து பார்த்தார். நிலநூல் துறையின் 'சமுத்திர ரத்னாகர்' வந்தது. பள்ளிக்கரணைக் கழகத்தின் கப்பலான 'சாகர் நிதி'யும் வந்தது. மிதக்கும் ஒரு மெத்தை, ஒரு பலகை, ஒரு எண்ணெய்த் திட்டு தென்பட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். ஆனால் அது தென்மேற்குப் பருவக் காற்று வீசும் காலம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கண்டெடுத்தவை எவையும் அந்த விமானத்தினுடையவை என்று ஏற்கத் தக்கவையாக இல்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று அன்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் கடலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

நாம் மாலை வேளையில் பெசன்ட் நகரில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறோமே, அது கடலின் திண்ணைதான். கடலின் வீடு உள்ளே வெகு தூரத்தில் இருக்கிறது. விமானம் மறைந்த இடத்தில் ஆழம் சுமார் 3,400 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் அங்கே இறக்கி, அதன் தலையில் பரங்கிமலையை எட்டுத் தடவை அடுக்கினாலும் உச்சி தண்ணீருக்கு மேலே தெரியாது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அடியிலே ஒரு விரல் நகத்தின் அளவுள்ள இடத்தின்மேல் 340 கிலோ எடை அழுத்துகிறது. தரையோ கெட்டித் தரை அல்ல. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்து யுக யுகமாகப் பரப்பிய வண்டல்.

அந்த இருட்டில் கண் உதவாது, ரேடியோவும் உதவாது. உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். விபத்து நேர்ந்தால் ஆகாயத்துக்குச் சேதி அனுப்பும் கருவிகள் விமானத்தில் இருந்தாலும், தண்ணீருக்குள் போனதும் அவை ஊமையாகிவிடும். கடலுக்குள்ளே தூரம் போகக்கூடியது ஓசை ஒன்றுதான். ஆகையால்தான் பெரிய பிரயாணி விமானங்களின் கறுப்புப் பெட்டியோடு ஒரு சிறு மணியைக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டவுடன் அது விநாடிக்கு ஒரு முறை, மனிதக் காதுக்குக் கேட்காத ஸ்வரத்தில், 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் வரையில் அடிக்கும். பிறகு பாட்டரி தீர்ந்து ஓய்ந்துவிடும். தாம்பரத்து விமானத்தில் அந்த மணி இல்லை என்று அப்போதே பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அந்தச் சின்ன மணியின் மகிமையை அறிவதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சுமார் ஒரு வருஷத்துக்கு முன்னால், 2015 ஜூன் 8-ஆம் தேதி மாலை, கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று மூன்று பேரோடு சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிச் சென்று, இரவில் மறைந்தது. அதில் மணி இருந்தது. 'சிந்துத்வஜ்' என்ற நம் நீர்மூழ்கிக் கப்பல் அந்த ஓசையைக் கேட்டது. ஜூலை 10-ஆம் தேதி, கடலூருக்கும் பிச்சாவரத்துக்கும் எதிரே ஆயிரம் மீட்டருக்குச் சற்றே குறைந்த ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம், இரண்டு நாள்! அந்த மூன்று குடும்பங்களுக்கும் துக்கம் குறைந்துவிடவில்லை. ஆனாலும் அழுவதற்கு ஒரு நாளும் ஒரு இடமும் அவர்களுக்குக் கிடைத்தன.

மணி ஓய்ந்த பிறகும் தேடிக் கண்டவர்கள் உண்டு. 2009 ஜூன் முதல் தேதி, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானம் 228 பேரோடு அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்தது. மணி அடித்த காலத்தில் அதை யாராலும் கேட்க முடியவில்லை. விடாமல் தேடி, 2011 ஏப்ரலில், 3,900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். மறுமாதம் கறுப்புப் பெட்டிகளை வெளியே எடுத்து, விமானம் ஏன் விழுந்தது என்பதையும் உலகத்துக்குச் சொன்னார்கள். எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. 2014 மார்ச்சில் 239 பேரோடு மறைந்த மலேசிய விமானத்தின் இறக்கைத் துண்டு ரீயூனியன் தீவில் கரையேறியது. விமானத்தின் உடல் பத்து ஆண்டு கடந்தும் அகப்படவில்லை. நம் ஏ.என்.32 விமானங்களிலேயே ஒன்று, 1986 மார்ச் 25-ஆம் தேதி, ரஷ்யாவிலிருந்து புத்தம் புதிதாக வந்துகொண்டிருந்தபோது மஸ்கட்டுக்கும் ஜாம்நகருக்கும் நடுவே, அரபிக் கடலின்மேல், ஏழு பேரோடு மறைந்தது. அதன் சுவடே கிடைக்கவில்லை.

*

2016 செப்டம்பர் 15-ஆம் தேதி, உயிருடன் யாரையும் மீட்கும் முயற்சி கைவிடப்பட்டது. 29 பேரும் இறந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள் என்று குடும்பத்தாருக்குத் தகவல் போயிற்று.

'கருதப்படுகிறார்கள்' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். சர்க்கார் காகிதத்தில் அது ஒரு வார்த்தை. வீட்டுக்குள்ளே வந்தால் அது நாள் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். காணாமற் போனவரை வழக்கமாக அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக அவரைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் கொள்ளலாம் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024-ல் புதுச் சட்டம் வந்தும் ஏழு என்ற கணக்கு மாறவில்லை. ராணுவத்தார் விஷயத்தில் சர்க்காரே விசாரித்து முன்கூட்டி முடிவு செய்யலாம். பென்ஷனும் நிவாரணமும் நின்றுவிடாமல் இருக்க அது அவசியம். ஆனால் மனசு எந்தப் பிரிவின் கீழ் முடிவு செய்யும்? உடலைப் பார்க்கவில்லை. விழுந்த இடம் தெரியவில்லை. ஒரு தீவில் ஒதுங்கியிருக்கலாம் அல்லவா? ஒரு மீன்பிடிப் படகு ஏற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

இதைப் பைத்தியக்கார நம்பிக்கை என்று சொல்ல நமக்கு நா எழாது. ஏனென்றால் நம் மணிமேகலைக் காவியத்திலேயே ஆதிரையின் கதை இருக்கிறது. அவள் கணவன் சாதுவன் வாணிபக் கப்பலில் போகிறான். கப்பல் உடைகிறது. தப்பி வந்தவர்கள் அவனும் இறந்துவிட்டான் என்று புகாரில் வந்து சொல்கிறார்கள். ஆதிரை தீ மூட்டி அதில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. 'உன் கணவன் உயிரோடு இருக்கிறான்; நாகர்கள் வாழும் தீவில் ஒதுங்கியிருக்கிறான்; வருவான்' என்று வானத்திலிருந்து அசரீரி கேட்கிறது. அவனும் வருகிறான். அந்த நாகர் தீவு நக்கவாரமாகவே இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கூறுவார்கள். அப்படியானால் சாதுவன் தொலைந்ததும் தாம்பரத்து விமானம் தொலைந்ததும் ஒரே கடல். அந்தக் கரைகளில் காத்திருக்கும் பெண்கள் இரண்டாயிரம் வருஷமாகக் காத்திருக்கப் பழகியவர்கள்.

ஆதிரைக்கு அசரீரி கேட்டது. இந்தக் காலத்து ஆதிரைகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஆடி அமாவாசை. விமானம் மறைந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. கடற்கரையில் அன்று எள்ளும் தண்ணீரும் இறைத்தவர்களின் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. தர்ப்பணம் செய்வதற்குக்கூட ஒரு நிச்சயம் வேண்டியிருக்கிறது. அந்த நிச்சயம் இல்லாத வீடுகளில், வாசலில் சைக்கிள் மணி அடித்தாலே நெஞ்சு திக்கென்கிறது.

*

தேடுவது காத்திருப்பவர்களுக்காக மட்டும்தானா? இல்லை, இனிமேல் பறக்கப் போகிறவர்களுக்காகவும்தான். இதை நன்றாக அறிந்திருந்த ஒரு மனிதர் நம் தமிழ்நாட்டு மலை ஒன்றில்தான் உயிர் துறந்தார். அவருக்கு ஆபிரகாம் வால்ட் என்று பெயர். 1902-ல் ஹங்கேரியில் பிறந்த யூதர். நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த கணித மேதை. உலகப் போரின்போது குண்டு வீசும் விமானங்கள் உடம்பெல்லாம் சல்லடையாகத் திரும்பி வந்தன. எந்த இடத்தில் கவசம் போடலாம் என்று படையினர் யோசித்தார்கள். துளை அதிகமாக உள்ள இடத்தில் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்ட் போட்ட கணக்கு வேறு விதமாக இருந்தது. நீங்கள் பார்ப்பதெல்லாம் திரும்பி வந்த விமானங்கள். அங்கே அடிபட்டும் அவை வந்துவிட்டன. எங்கே அடிபட்ட விமானங்கள் திரும்பி வரவே இல்லையோ, அங்கே போட வேண்டும் கவசத்தை. இதுதான் அவர் கணக்கின் சாரம்.

அந்த வால்ட், இந்திய சர்க்காரின் அழைப்பின் பேரில் சொற்பொழிவு செய்ய இங்கே வந்தார். 1950 டிசம்பர் 13-ஆம் தேதி, பம்பாயிலிருந்து கோயமுத்தூர் வழியாகத் திருவனந்தபுரம் போக வேண்டிய டக்கோடா விமானத்தில் மனைவியோடு ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ரங்கசாமி மலையில் மோதி விமானம் நொறுங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. திரும்பி வராத விமானங்களைப் பற்றிச் சிந்தித்தவர், திரும்பி வராத விமானம் ஒன்றிலேயே போய்விட்டார்.

விதியின் விளையாட்டு என்று இதைச் சொல்லிப் பெருமூச்சு விடலாம். ஆனால் அவர் விட்டுச் சென்ற பாடம் பெருமூச்சைவிடப் பெரியது. பத்திரமாக இறங்கிய ஆயிரம் விமானங்கள் நமக்குக் கற்றுத் தராததை, இறங்காத ஒன்று கற்றுத் தரும். ஆனால் அதைக் கண்டுபிடித்தால்தான் தரும். கண்டுபிடிக்காமல் விட்டால், செத்தவர்கள் வீணாகச் செத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

*

இப்போது பள்ளிக்கரணைக்குத் திரும்புவோம்.

1993-ல் ஏற்பட்ட அந்தக் கழகத்தாருக்கு விமானம் தேடுவது தொழிலே அல்ல. கடலடியில் உருளைக்கிழங்கு போல் இறைந்து கிடக்கும் உலோகக் கட்டிகளைத் தேடுவதும், கடல் நீரைக் குடிநீராக்குவதும், அலைகளை அளப்பதும் அவர்கள் வேலை. அந்த உலோகத் தேட்டத்துக்காக நார்வே நாட்டில் செய்த ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றை வாங்கினார்கள். ஆறாயிரம் மீட்டர் ஆழம் வரை போகும். கயிறு கிடையாது, கம்பி கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டால், தானே கீழே போய், தரைக்குச் சற்று மேலே நின்று, நம் உழவர் சால் ஓட்டுவது போல ஒரு கோடி முதல் மறு கோடி வரை போய், திரும்பி, பக்கத்துச் சாலில் வந்து, ஓசையினால் தரையைத் தடவிப் படம் வரைந்துகொண்டு வரும். கப்பலிலிருந்து அனுப்பும் ஓசை அடியைத் தொடவே இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். திரும்பி வருவதற்குள் விவரம் மங்கிப்போகும். பக்கத்திலே போய்ப் பார்த்தால் ஒரு பெட்டியின் விளிம்பு கூடத் தெரியும். 2016-ல் நம்மிடம் இல்லாதிருந்தது இந்தப் பக்கத்துப் பார்வைதான்.

விமானம் கடைசியாகத் தென்பட்ட பகுதியில் அந்தக் கருவியை இறக்கினார்கள். அது கொண்டுவந்த படங்களில் வண்டல் தரையின்மேல் நொறுங்கிய விமானத்தின் பாகங்கள் கிடந்தன. 2024 ஜனவரி 12-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் அறிக்கை வெளியிட்டது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாகங்கள் ஏ.என்.32 விமானத்தின் அமைப்போடு ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமற் போனதாகப் பதிவு இல்லை. ஆகவே அவை 2016-ல் மறைந்த விமானத்தினுடையவையாக இருக்கலாம். இவ்வளவுதான் அறிக்கை. அளந்து பேசுகிறவர்களின் வார்த்தை. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. கடைத்தெருவில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

'ஏழரை' என்று சொன்னாலே நம்மவர்களுக்குச் சனி பகவானின் ஞாபகம் வரும். பிடித்தால் ஏழரை ஆண்டு விடமாட்டார் என்பார்கள். விடும்போது ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார் என்றும் சொல்வார்கள். 29 குடும்பங்களைப் பிடித்த ஏழரை விட்டுப் போகும்போது கொடுத்தது இதுதான்: கடலடியில் ஒரு புள்ளி. இனி அந்தப் புள்ளியைப் பார்த்துக் கைகூப்பலாம். 'எங்கே?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 'ஏன்?' என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் இல்லை. வால்ட் இருந்திருந்தால், அந்தப் பதிலைக் கொண்டுவரும் வரையில் வேலை முடியவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

கடலின்மேல் பறக்கும் விமானம் சிறியதோ பெரியதோ, பட்டாளத்தினுடையதோ வியாபாரியினுடையதோ, அதன் வயிற்றில் ஒரு மணியைக் கட்டி அனுப்ப வேண்டும். மேய்ச்சலுக்கு மாட்டை அனுப்பும்போது அதன் கழுத்தில் மணி கட்ட நம் பாட்டனாருக்குத் தெரிந்திருந்தது. மாடு பத்திரமாகத் திரும்பும் என்பதற்கு அந்த மணி உத்தரவாதம் அல்ல. இருட்டிவிட்டால் எந்தத் திசையில் போய்த் தேடுவது என்பதற்காகக் கட்டினார்கள்.

போன மாதம் அதே சாலையில், அதே கூட்டத்தில், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். சேலையூர் நெருங்கும்போது தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் கையில் இருந்த டெலிபோனை மூடிக்கொண்டு, "ஒரு நிமிஷம், விமானம் போகட்டும்" என்றார். நான் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணுக்கு மறைகிற வரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.